மஞ்சள் பாவில் உட்கார்ந்த பூச்சி

அந்தத் தை மாதத்துக் காலையில் எங்கள் தெருவையே எழுப்பியது நைனாவின் குரல்தான்.

"எவடி அது, பாவு மேல கடுகக் கொட்னது?"

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்துவிட்டால் வீட்டிலுள்ள பெண்கள் எல்லோருமே அவருக்கு 'எவடி'தான். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு வாசலுக்கு ஓடினேன்.

சேலையின் நீளவாட்டு இழைகள் மொத்தத்தையும் சேர்த்துப் பாவு என்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் நீட்டி இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயிலில் காயவைக்க வேண்டும். ஆரணியில் காலை வேளையில் எங்கள் தெருவுக்குள் சைக்கிளில் வருகிறவர்கள் பாவைப் பார்த்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள்.

அன்று நீட்டியிருந்தது நல்ல எலுமிச்சை மஞ்சள். கஞ்சி இன்னும் காயவில்லை. பனி விலகி வெயில் ஏறியிருந்தது. காற்று சுத்தமாக இல்லை. அந்த மஞ்சள் முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கறுப்புப் புள்ளிகள். குனிந்து பார்த்தேன். கடுகு காலை ஆட்டியது.

"நைனா, இது பூச்சி."

"பூச்சியா? பட்டுல அதுக்கு இன்னாடி வேல?"

அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் தெரியும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்திய பிறகு, அந்தப் பதிலில் பாதிதான் எனக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. மீதிப் பாதி இன்னமும் என்னைக் குழப்பிக்கொண்டிருக்கிறது. வாசகர்களையும் கொஞ்சம் குழப்பிவிட்டால் பாரம் குறையுமென்று இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

யாருடைய மஞ்சள்

பாவு எங்களுடையது இல்லை. ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கு.

ஸ்டெல்லா அடுத்த வீடு. என் வயது. எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்தில் அவள் தூங்குவாள், அவர்கள் வீட்டு ஜெபத்தின் நடுவில் நான் போய்க் குழம்பு கேட்பேன். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மா ஞானம்மா பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நைனாவை 'அண்ணே' என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் அத்தை.

பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த ஆரோக்கியராஜ் என்பவருக்கு ஸ்டெல்லாவை நிச்சயம் செய்திருந்தார்கள். கோயிலில் ஃபாதர் மந்திரித்துக் கொடுக்கும் கூறைப் புடவையை நைனாவே நெய்ய வேண்டும் என்பது அத்தையின் ஆசை. மஞ்சள்தான் வேண்டும் என்பதும் அவருடைய ஆசைதான். ஸ்டெல்லாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு மஞ்சள் பிடிக்காது.

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று. இரண்டாவது ஓலை வாசித்து முடிந்திருந்தது. தவக்காலம் தொடங்குவதற்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும்.

அந்த அவசரத்தில்தான் இந்தப் பூச்சி வந்து உட்கார்ந்தது.

நைனா பதற்றத்தில் ஒரு காரியம் செய்தார். கஞ்சி தடவும் பிரஷ்ஷால் பூச்சியைத் தள்ளிவிடப் பார்த்தார். அது நசுங்கி, மஞ்சளில் அழுக்குப் பச்சையாக ஒரு கோடு இழுபட்டது. அதைத் துடைக்கப் போய் இன்னும் இரண்டு கோடுகள் வந்தன. அதற்குள் தெரு கூடிவிட்டது.

"கல்யாணப் பாவுய்யா. கூறப் பொடவைக்கு இழுத்த பாவு. இதுல போயி கருப்பு உக்காந்துகினு கீதே" என்று யாரோ சொன்னார்கள்.

ஞானம்மா அத்தை கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு ஓடிவந்தார். "மாதாவே! இன்னாண்ணே இது?"

"எனுக்குத் தெரிஞ்சா நான் ஏன் கத்திகினு கிறேன்?"

எங்கள் தெருவில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணப் பாவு தெருவில் நீட்டியிருக்கும்போது கெட்டுப்போனால், முகூர்த்த நாளைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். அறுந்தாலும் சரி, மாடு மிதித்தாலும் சரி. பெண் வீட்டார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்பதையெல்லாம் பாவு பார்க்காது.

நைனா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஞானம், நான் சொல்றத தப்பா எட்த்துக்காத. நாளத் தள்ளிப் போட்டுடு. ஈஸ்டர் போவட்டும், பாத்துக்கலாம்."

அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். மறுக்கவில்லை. அவர்கள் வீட்டு வாசற்படியில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். பரீட்சை தள்ளிப்போன பிள்ளைக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகம் அவளுக்கு. அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மொட்டை மாடியில் மூன்று தட்டுகள்

இந்த இடத்தில் நான் படித்த கல்லூரிக்குப் போய்வர வேண்டும். தினமும் வேலூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் விலங்கியல் படித்தேன். புலி, யானையெல்லாம் வரும் என்று நினைத்துச் சேர்ந்தவள். வந்தது கரப்பான் பூச்சி.

கடைசி வருடத்தில் எங்கள் பேராசிரியை மொட்டை மாடியில் மூன்று தட்டுகளை வைக்கச் சொன்னார். ஒன்றில் சிவப்புப் பெயிண்ட், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் மஞ்சள். எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர். மறுநாள் போய்ப் பார்த்தால் மஞ்சள் தட்டில் மட்டும் அசுவினி கொட்டிக் கிடந்தது. அவரைச் செடியிலும் வேர்க்கடலையிலும் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்குமே, நம் பக்கத்தில் செடிப்பேன் என்பார்களே, அதுதான். கூட்டம் பெருகி இடம் போதாமல் போனால் அதில் சிலவற்றுக்கு இறக்கை முளைக்கும். அவைதான் வேறு செடி தேடிப் புறப்படுகின்றன.

"செடி பச்சையாச்சே மேடம், ஏன் மஞ்சளுக்கு வருது?" என்று கேட்டேன்.

"அது பச்சைக்குத்தான்மா வருது. அதோட கண்ணுக்கு மஞ்சள்தான் ரொம்பப் பச்சை."

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பச்சையைத் தேடிப் போகிற ஒன்றுக்குப் பச்சையைவிட மஞ்சள் எப்படி அதிகப் பச்சையாகத் தெரியும்? மறுநாள் பேராசிரியை விளக்கினார். துளிரிலும், பழுக்கத் தொடங்கிய இலையிலும்தான் சாற்றில் சத்து அதிகம். இரண்டிலுமே மஞ்சள் தூக்கலாக இருக்கும். அதனால் பறந்து வருகிற அசுவினி கீழே எங்கே மஞ்சள் தெரிகிறதோ அங்கே இறங்கிவிடும். வாசனையும் கொஞ்சம் உதவும். ஆனால் இறங்குகிற அந்த நிமிடத்தில் அது செடியா, தட்டா, சட்டையா என்று அதற்குத் தெரியாது.

தெரிந்துகொள்வது இறங்கிய பிறகுதான். கொஞ்சம் நடக்கும். வாயிலிருக்கும் ஊசியை மெல்லக் குத்திப் பார்க்கும். மயிரைவிட மெலிந்த ஊசி அது. மேல் தோலில் ஒரு சொட்டு ருசி. பிடிக்கவில்லையென்றால் உருவிக்கொண்டு பறந்துவிடும். பிடித்தால் ஊசியை ஆழமாக இறக்கி, இலையின் அறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, சர்க்கரைச் சாறு ஓடுகிற குழாயைத் தேடும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் உறிஞ்சக்கூடத் தேவையில்லை. சாறு தானாக வாய்க்குள் ஏறும்.

கல்லூரியில் நாங்கள் வைத்தது ஒரே ஒரு மஞ்சள் தட்டு. நைனா ஒரு தெரு நீளத்துக்கு வைத்துவிட்டார், அதிலும் கஞ்சி தடவி!

நான் வாயைத் திறந்தேன்

தெருவுக்குத் திரும்புகிறேன். யாரோ என்னைக் கை காட்டினார்கள். "பூச்சிப் படிப்புதானே படிக்குது இந்தப் பொண்ணு? அதக் கேளுங்களேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். ஸ்டெல்லா வாசற்படியிலிருந்து எனக்குத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பதுபோல் ஆட்டினாள். அவள் தலைமுடியில் ஏதோ பூச்சி சிக்கிக்கொண்டது, உதறுகிறாள் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

எனக்குக் கூட்டத்தைக் கண்டால் கொஞ்சம் குஷி வரும். முழுவதையும் சொன்னேன். தட்டு, சோப்பு, துளிர், ஊசி, ஒன்று விடவில்லை. கடைசியில், "இது சகுனமெல்லாம் இல்ல. நெறத்தப் பாத்து வந்துச்சி. செகப்பா இருந்தா வந்திருக்காது" என்று முடித்தேன்.

"அப்போ நான் மஞ்சள் கேட்டதுதான் தப்பா?" என்றார் அத்தை பாவமாக.

"உங்க வீட்டு அவரப் பந்தல்லேருந்துதான் கெளம்பி வந்திருக்கும்" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அத்தை வீட்டுக் கொல்லையில் பெரிய அவரைப் பந்தல் இருந்தது. அதிலும் அசுவினி இருந்தது உண்மைதான். அங்கிருந்து வந்ததா, இல்லை வேறெங்கிருந்தோ பாவுக்கு வரவேண்டிய மீதியையும் அந்தப் பந்தல்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டதா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். டிகிரி படிக்கிற பெண் தெரியவில்லை என்று சொன்னது தெருவுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் சகுனம் போய்விட்டது. நைனாவின் முகம் தெளிந்தது. "அப்போ கவல இல்ல ஞானம். இத மறுபடியும் சாயத்துல போட்டு அரக்கா மாத்திடறேன். கறையெல்லாம் அமுந்துடும். சொன்ன தேதிக்குப் பொடவ ரெடி."

அப்போதுதான் ஸ்டெல்லா படியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் முகத்தில் பரீட்சை திரும்பவும் வந்துவிட்டிருந்தது. பாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு பூச்சியையே பார்த்தாள்.

"கோமு, இது பட்டுல குத்திப் பாத்திருக்குமா?"

"பாத்திருக்கும்."

"இன்னா தெரிஞ்சிருக்கும் அதுக்கு?"

"இது செடி இல்லன்னு."

"அப்புறம் ஏன் பறந்து போவல?"

"கஞ்சில கால் ஒட்டிக்கிச்சிடி."

அவள் எழுந்து, தெருவே நிற்கும்போது, அம்மாவிடம் சொன்னாள். "மா, மூணாவது ஓலை படிக்கறதுக்கு முன்னாடி நான் அவர்கிட்ட ஒரு வாட்டி பேசணும்."

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தை நாடாவின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். "பேசறதுக்கு இன்னாடி கீது?" என்று மட்டும் கேட்டார்.

நைனாதான் காப்பாற்றினார். "பேசட்டுமே ஞானம். பேசினா இன்னா கொறஞ்சிடும்? ஜல்தியா வரச் சொல்லு அந்தப் பையன." நைனா ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிற்பாடு என் கல்யாணப் பேச்சு வந்தபோது என்னை அவர் யாரிடமும் பேச விடவில்லை.

அன்று சாயங்காலம் கொல்லையில் ஸ்டெல்லா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஒரு காரணம் கெடச்சுது எனக்கு. வெளக்கம் சொல்லி அதத் தொடச்சிட்டியேடி."

"வேணாம்னா வேணாம்னு சொல்லேன்."

"வேணாம்னு இல்லடி. வேணும்னும் இல்ல. அதான் பேஜாரா கீது."

பந்தலடியில்

சனிக்கிழமை அவர் வந்தார், தன் அம்மாவோடு. பெரியவர்கள் உள்ளே காப்பி குடிக்க, ஸ்டெல்லாவும் மாப்பிள்ளையும் அவரைப் பந்தலடியில் நின்றார்கள். காவலுக்கு நான். பந்தலின் மறுகோடியில் காய் பறிக்கிற பாவனையில் நின்றேன்.

ஆரோக்கியராஜ் பார்க்க நன்றாக இருந்தார். சட்டைக் கையை ஒழுங்காக மடித்திருந்தார். பேசும்போது ஒரு அவரைப் பிஞ்சைப் பறித்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. ஒருமுறை அவர் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. பிறகு அவள் சிரித்தாள், அப்போது அவர் சிரிக்கவில்லை.

என் கண்ணுக்கு நேரே ஒரு கொடி நுனியில் இறக்கை வைத்த அசுவினி ஒன்று புதிதாக வந்து இறங்கியது. நடந்தது. நின்றது. வாயைக் கீழே வைத்தது. எடுத்தது. மறுபடி நடந்தது. எனக்கு அந்தப் பக்கம் பார்ப்பதா இந்தப் பக்கம் பார்ப்பதா என்று தெரியவில்லை. அவர்கள் பேசி முடித்தபோது பூச்சி அதே கொடியில்தான் இருந்தது. உள்ளே குத்திவிட்டதா, சும்மா நிற்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை.

அவர்கள் கிளம்பியதும் ஓடினேன். "இன்னாடி?"

"நல்லவராத்தான் கீறாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அரை மணி நேரத்துல எனுக்கு இன்னா புரியும்? உன் பூச்சி எவ்ளோ நேரம் எட்த்துக்கும்?"

"மேல ருசி பாக்கறது ஒரு நிமிஷத்துல ஆயிடும். உள்ள சாறு ஓடற குழாய் வரைக்கும் போய்ச் சேர மணிக்கணக்கா ஆவும். சிலது நாள் பூரா தேடும்."

"அதுவரிக்கும்?"

"அதுவரிக்கும் அதுக்கே தெரியாது."

"நல்லா படிச்ச, போ" என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க வேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்து எதைச் சொல்வது? பெண்ணுக்கு வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை என்பதைத் தடையாக எந்த ஃபாதர் ஏற்றுக்கொள்வார்?

அரக்குக் கூறையில் ஸ்டெல்லா அழகாக இருந்தாள். எல்லோரும் பந்தியில் உட்காரும்போது நான் மட்டும் பின்னால் போய் நின்று அழுதேன். காரணம் கேட்டார்கள். தெரியவில்லை.

ஒரு நீலச் சட்டை

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பாரபட்சம் இருக்கக்கூடாது. என்னைப் பெண் பார்க்க வந்தவரை நான் பார்த்தது கதவிடுக்கில், கேசரித் தட்டு எடுத்துப் போகும் முன்னால். முகம் தெரியவில்லை. நீலச் சட்டை தெரிந்தது. எனக்கு நீலம் பிடிக்கும். சரி என்று சொல்லிவிட்டேன்.

இத்தனைக்கும் நான் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். நிறத்தைப் பார்த்து இறங்குகிற பூச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள். அந்த நீலச் சட்டைக்காரர் இப்போது அடுத்த அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த அத்தியாயம் வெளிவந்ததும் படிப்பார். படிக்கட்டும். எனக்குக் குறையொன்றும் இல்லை. எப்படிக் குறையில்லாமல் போனது என்பதுதான் விளங்கவில்லை.

மாவுப்பூச்சி வந்த வருடம்

பல வருடம் கழித்து ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது. நான் அப்போது ஆரணியிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் டீச்சர். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம்.

"கோமு, எங்க பப்பாளி மரமெல்லாம் வெள்ள வெள்ளயா பூத்துகினு கீதுடி. செம்பருத்திலயும் வந்துடுச்சி. வந்து பாரேன்."

அந்தச் சமயத்தில் எங்கே போனாலும் அதே பேச்சுதான். பப்பாளியில் மாவுப்பூச்சி. பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் காயெல்லாம் வெளுத்துக் கிடந்தது. நான் ஒரு சனிக்கிழமை சேத்துப்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

இடையில் ஸ்டெல்லாவைப் பார்க்காமல் இல்லை. திருவிழா, ஞானஸ்நானம், ஞானம்மா அத்தை இறந்தபோது என்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஆரோக்கியராஜ் வண்டியில் கூட்டிவந்து, கிளம்பும் நேரத்தில் வாசலில் வண்டியை அணைக்காமலே காத்திருந்து, கூட்டிப்போய்விடுவார். இந்த முறைதான் தனியாக உட்கார்ந்து பேச வாய்த்தது. அவர் கடையில் இருந்தார். மாமியார் முன்னறையில் படுத்திருந்தார்.

நான் லென்ஸை எடுத்துச் செம்பருத்தி இலையைக் காட்டினேன். "இது நம்ம அவரப் பூச்சி மாதிரி தேடிப் போய் உக்காராது. குஞ்சா இருக்கும்போது காத்து எங்க தூக்கிப் போடுதோ அங்க ஊசியப் போட்டுடும். பப்பாளியா, செம்பருத்தியா, மல்பெரியா, பெரிசா பாக்காது."

"பிடிக்கலன்னா பறந்து போவாதா?"

"இதுக்கு ஏது றெக்க? பொம்பளைக்குக் கெடயாது. ஆம்பளைக்கு மட்டும்தான்."

ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். முன்னறையிலிருந்து "இன்னா அங்க?" என்று குரல் வந்தது. "ஒண்ணுமில்லத்த, பூச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கண் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"எப்டிடி கீற?" என்று கேட்டேன். இத்தனை வருடமாகக் கேட்க நினைத்தது.

"நல்லாத்தான் கீறேன். அவரு நல்லவருடி. அன்னிக்கே சொன்னேனே. ஒரு வார்த்த கடுஞ்சொல்லு கெடயாது. எங்க போவணும்னாலும் கடைய மூடிட்டு வந்து இட்டுகினு போவாரு. நான் தனியா பஸ்ஸுல ஏறி எவ்ளோ வருஷம் ஆச்சின்னு எனக்கே தெரியல."

அவள் குறை சொல்கிறாளா, பெருமை பேசுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இல்லை. அவளே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா நம்ம அவரப் பூச்சிக்கு றெக்க இருந்துச்சி இல்ல?" என்றாள்.

அதற்கு முந்தின கோடையில் டீச்சர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் நான் புதிதாக ஒன்று தெரிந்துகொண்டிருந்தேன். அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம். எனக்கு எதையும் வைத்துக்கொள்ள வராது.

"இருந்துச்சி. ஆனா செடி பிடிச்சிப்போயி உக்காந்து சாறு குடிக்க ஆரம்பிச்சா, கொஞ்ச நாள்ல பறக்கறதுக்குன்னு உள்ள இருக்குற சதை கரைஞ்சி போயிடும். அந்தச் சத்து குட்டி போடறதுக்குப் போயிடும். றெக்க மட்டும் அப்டியே நிக்கும். பாத்தா பறக்கும்னு தோணும். பறக்க முடியாது."

ஸ்டெல்லா செம்பருத்தி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கரைஞ்சிடுச்சின்னு அதுக்குத் தெரியுமா?"

எந்தப் பயிற்சியிலும் யாரும் கேட்காத கேள்வி. யோசித்தேன். "பறந்து பாத்தாதான் தெரியும். உக்காந்திருக்கற வரைக்கும் எப்டித் தெரியும்?"

பாதிக்கப்பட்ட கிளைகளை வெட்டி எரிக்கச் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன்.

ஆரணி பஸ்

"கோமுவ பஸ் ஏத்திட்டு வரேன் அத்த" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு ஸ்டெல்லா செருப்பை மாட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரை வேறு ஏதேதோ பேசினோம். பிள்ளைகள் படிப்பு, சர்க்கரை, முட்டி வலி.

ஆரணி பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கை காட்டுவதற்காக வெளியே பார்த்தேன். கீழே அவள் இல்லை. திரும்பினால் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கடி?"

"சும்மா இரு."

பஸ் நகர்ந்தது. இவள் வீட்டை விட்டு வருகிறாளா? நான் சொன்ன பூச்சிக் கதையாலா? ஆரோக்கியராஜ் வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஒரு பக்கம் இப்படி உதறல். இன்னொரு பக்கம், வந்தால் வரட்டும், மாடி அறை சும்மாதான் கிடக்கிறது என்றும் ஓடியது. அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கே என்னைப் புரியவில்லை.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா?"

"அடுத்த ஸ்டாப்பு ஒண்ணு" என்றாள் ஸ்டெல்லா. முந்தானை முடிச்சிலிருந்து சில்லறையை எடுத்து அவளே கொடுத்தாள். டிக்கெட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். ஜன்னல் காற்று அவள் முகத்தில் அடித்தது. முடியை ஒதுக்கவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினாள். வயல் நடுவே ஒரு புளியமரமும் டீக்கடையும் மட்டும் இருந்தன. ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்குக் கரையலடி" என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். எங்களை உரசுவதுபோல் சேத்துப்பட்டு போகிற பஸ் ஒன்று கடந்து போய் அவள் எதிரில் நின்றது. அது நகர்ந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். ஏறவில்லை. பிறகு வளைவு வந்து மறைத்துவிட்டது.

ஆரணி வந்து சேரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவளே கூப்பிட்டாள்.

"எங்கடி கீற? பஸ்ஸு வந்து நின்னுச்சே, ஏன் ஏறல? நான் எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா?"

"வந்த பஸ்ஸயெல்லாம் விட்டேன். நின்னேன். டீ குடிச்சேன்." பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும், ஆரோக்கியராஜ் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற குரலும் கேட்டன. "அப்புறம் வீட்டுக்குப் போவணும்னு எனக்கா தோணிச்சி. அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்."